இடது கைப் பத்து கிலோ

என் ஜிம்மில் சேர்ந்த மூன்றாவது நாளே அந்தப் பார்சல்காரர் என்னிடம் வம்புக்கு வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவர். ஒல்லியான உடம்பு, கொஞ்சம் தொப்பை, இன் பண்ணிய சட்டையோடு வந்து மூலையில் நின்று பனியனுக்கு மாறுகிற கூச்சம். சனிக்கிழமை அரை நாள் என்பதால் மத்தியானம் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். டம்பெல் அடுக்கின் முன்னால் நின்று பத்து கிலோ ஜோடியை எடுத்தார். தூக்கவில்லை. கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றார். பிறகு இடது கையில் இருந்ததை வலதுக்கும் வலதில் இருந்ததை இடதுக்கும் மாற்றிக்கொண்டு மறுபடியும் நின்றார். எனக்கு எரிந்தது.

ஏனென்றால் என் ஜிம்மில் அப்படி மாற்றக் கூடாது. செருப்புக்கு இடது வலது இருக்கிற மாதிரி என் டம்பெல்களுக்கும் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் ‘இ’ என்றும் இன்னொன்றில் ‘வ’ என்றும் நானே மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். ‘இ’ அடுக்கில் இடது பக்கம், இடது கைக்கு. ‘வ’ வலது பக்கம், வலது கைக்கு. எடுத்த இடத்தில் வைக்காதவன் என்னிடம் திட்டு வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. இதில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் ஒழுங்கு என்பேன். வேறு ஜிம்களில் எட்டு கிலோவும் பன்னிரண்டு கிலோவும் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உருளும். என் கடையில் நடக்காது.

திட்டுவதற்காகத்தான் போனேன். அதற்குள் அவரே சொன்னார். “மாஸ்டர், இது ரெண்டும் ஜோடி இல்ல.”

நான் சிரித்தேன். இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். புதிதாக வருகிற எல்லாரும் பத்து கிலோவைத் தொட்டதும் இடது கனக்கிறது என்பார்கள். உடனே நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவேன். மனுஷ உடம்பில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, வலது கை செல்லப் பிள்ளை, எல்லா வேலையையும் அதுவே இழுத்துப் போட்டுக்கொள்ளும், இடது மந்தமாகிவிடும், அதை அப்படியே விட்டால் தோள் சாயும், முதுகு சாயும். அதனால் எப்போதும் இடதுக்கு முதல் செட். இடது எத்தனை தடவை தூக்குகிறதோ அத்தனையோடு வலதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கடைசியில் இடதுக்கு மட்டும் ஒரு செட் கூடுதல். இந்த ஏரியாவில் ‘இடது பக்க மாஸ்டர்’ என்றால் நான்தான். முடிவெட்டுகிறவர் முதல் வங்கி வாட்ச்மேன் வரை என்னிடம் இடதைச் சரிபண்ணிக்கொண்டவர்கள்.

பார்சல்காரர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு, “அதான் மாத்திப் பாத்தேன், மாஸ்டர்” என்றார். “என் கைதான் மந்தம்னா, மாத்தினப்புறமும் இடதுதானே கனக்கணும்? கனம் கையோட நிக்கலயே. இரும்போட போகுதே.”

உறுப்பினர்கள் எடை பார்க்க ஒரு டிஜிட்டல் மெஷின் வாசல் பக்கத்தில் கிடக்கிறது. அவர் வாயை அடைக்கலாம் என்று நானே இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். ‘வ’ வைத்தேன். பத்து புள்ளி பூஜ்யம். பாருங்கள் என்கிற மாதிரி அவரைப் பார்த்தேன். அதை எடுத்துவிட்டு ‘இ’ வைத்தேன். எண்கள் ஓடி நின்றன. பதினொன்று புள்ளி ஆறு.

பேட்டரி போயிருக்கும் என்று சொன்னேன். மாற்றினேன். பதினொன்று புள்ளி ஆறு. நான் ஏறி நின்றேன், என் எடை சரியாகக் காட்டியது. எட்டு கிலோ ஜோடி, பன்னிரண்டு கிலோ ஜோடி, ஐந்து, பதினைந்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தேன். நூறு கிராம் இருநூறு கிராம் முன்னே பின்னே, அவ்வளவுதான். பத்து மட்டும் வந்து பதினொன்று புள்ளி ஆறு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. பார்சல்காரர் பாவம், தப்பு அவர் பண்ணின மாதிரி, “ஒண்ணரை கிலோக்கு மேல போனா எங்க கைக்குத் தெரிஞ்சிடும், வேற ஒண்ணுமில்ல” என்று முணுமுணுத்தார்.

வெல்டிங் பட்டறை அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் இருக்கும். பத்து கிலோ ஜோடியில் ஒன்று கீழே விழுந்து கைப்பிடி கழுத்தோடு உடைந்தது. பட்டறைக்காரர் உள்ளே ஒரு தடித்த கம்பியை இறக்கி, பக்கத்தில் ஒரு வளையமும் போட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார். யானை மிதித்தாலும் உடையாது என்றார். நான் மெச்சிக்கொண்டே வாங்கிவந்து, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் மஞ்சளில் பத்து என்று எழுதினேன். கீழே ‘இ’ என்று எழுதினேன். எடை போடவில்லை. எண் எழுதியிருக்கும்போது எடை எதற்கு? அந்த எண்ணை எழுதினவனே நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதற்கப்புறம் தூக்கும்போது என் இடது கையும் கொஞ்சம் திணறத்தான் செய்தது. வயசாகிறது என்று நினைத்து எனக்கும் ஒரு செட் கூட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் முன்பு தையல்காரர் ஒருவர் வழியில் நிறுத்தி, உங்கள் ஜிம் ஆட்களுக்குச் சட்டை தைக்கும்போது இடது கைக்கு அரை இன்ச் கூடுதலாக விடவேண்டியிருக்கிறது, என்ன மாஸ்டர் மாயம் என்று கேட்டார். பூரித்துப்போய் வீட்டில் வந்து சொன்னேன். அந்த மாயம் இந்த இரும்புதான். ஆனால் அவர்கள் கிடக்கட்டும். அரை இன்ச் சதை, கூடினால் குறைத்துக்கொள்ளலாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபது. மூன்று மணிக்கு அக்கா வந்துவிடுவாள்.

அக்கா ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவள். தூக்கினவள் என்று சொல்லவேண்டும். பதினாறு வருஷம் அந்த வேலையில் இருந்தாள். அவர்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, நெஞ்சின் மேல் கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். அப்படியே நாலு மாடி ஏறி இறங்க வேண்டும். சிந்தினால் மறுபடி முதல் படியிலிருந்து. தலைப்பக்கம் பிடிக்கிறவர் கைதான் முக்கியம், அங்கே ஒரு கை தாழ்ந்தால் படுத்திருக்கிறவர் உருண்டுவிடுவார். அக்கா எப்போதும் தலைப்பக்கம்தான். அவள் தூக்கினால் தண்ணீருக்கே தெரியாது என்று அவள் கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஒரு மழை நாளில் நாலாவது மாடியிலிருந்து கனத்த ஆள் ஒருவரை இறக்கும்போது கால்பக்கம் பிடித்தவர் வழுக்கினார். முழு எடையும் அக்காவின் இடது தோளில் வந்து நின்றது. அவள் விடவில்லை. படுத்திருந்தவருக்கு ஒரு கீறல் இல்லை. இவளுக்குத் தோளுக்குள் சதை கிழிந்து ஆபரேஷன் ஆனது. தேறிய பிறகு டாக்டர் ஒரு கெடு கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் இடது கை, வலதின் பலத்தில் பத்துக்கு ஒன்பது பங்காவது வரவேண்டும். வந்தால் பழையபடி வண்டி ஏறலாம். பயிற்சியைத் தம்பியிடமே எடுத்துக்கொள்கிறேன் என்றாள் அக்கா. இடதைச் சரிபண்ண என்னைவிட்டால் ஆள் ஏது என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

சனிக்கிழமைதோறும் பரீட்சை. பத்து கிலோவைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்கி இறக்க வேண்டும், முதலில் இடது, பிறகு வலது. நான் நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் இடது நாலு, வலது பன்னிரண்டு. ஆறாவது மாதம் இடது எட்டு, வலது பதிமூன்று. அப்புறம் இடது பத்து, பதினொன்று. அங்கேயே நின்றுவிட்டது. வலது பதினைந்து. வாரா வாரம் அதே பதினொன்று, அதே பதினைந்து. இடது டம்பெல்லுக்கு அக்கா மாமியார் என்று பெயர் வைத்தாள். என்ன செய்தாலும் மனசு இரங்க மாட்டேன் என்கிறது பார் என்பாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் அவள் எட்டு கிலோவை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். எட்டு பொய் சொல்லும், பத்துதான் உண்மை சொல்லும் என்று அடித்துவிட்டேன். எத்தனை கம்பீரமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பன்னிரண்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்றாள் அடுத்த வாரம். உடம்பை ஆட்டித் தூக்கியிருப்பாய், கணக்கில் வராது என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

கெடு முடிந்த அன்று யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போகாமலே அவளேதான் எழுதிக் கொடுத்தாள். என் இடது கையை நம்பி ஒரு உயிரைப் படியில் இறக்க முடியாது, என்னைப் போன் எடுக்கிற அறைக்கு மாற்றிவிடுங்கள் என்று. ஆதாரத்துக்கு என் நோட்டின் நகலை இணைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. அவள் இடத்தில் வேறு ஒரு பெண் ஏறிவிட்டாள். பதினாலு வாரம் ஆகிறது. இன்னமும் சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து மாமியாரைத் தூக்குகிறாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றேன். பதினொன்று புள்ளி ஆறு கிலோவைப் பதினொரு தடவை. பத்து கிலோவைப் பதினைந்து தடவை. நாலு நாள் முன்னால் இந்த வேலைக்கு வந்தவன்கூடச் சொல்லிவிடுவான். அவள் இடது கை எப்போதோ வலதை எட்டிவிட்டது. தாண்டியும் இருக்கலாம். அக்கா தேறிப் பல மாதம் ஆகிவிட்டது. தேறினவளைப் பிடித்துத் தேறவில்லை என்று வாரா வாரம் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கை தானாக நோட்டை மூடிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்த புத்தி மறைக்கிற புத்திதான். இந்த டம்பெல்லைக் காணாமல் அடித்துவிட்டு வேறு ஒன்று வாங்கி வைத்தால் அடுத்த சனிக்கிழமை அக்கா இடது கையால் பதினைந்து போடுவாள். பதினாறுகூடப் போடுவாள். பார்த்தாயா, நான்தான் சொன்னேனே என்று நானும் குதிக்கலாம். அவள் மறுபடி எழுதிப் போடட்டும், இடம் கிடைத்தாலும் கிடைக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நினைத்து முடிப்பதற்குள் ‘இ’யைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டிருந்தேன். திரும்பினால் பார்சல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பாயை விரித்துக் குனிந்து கால் விரலைத் தொட முயற்சி செய்ய ஆரம்பித்தார்.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். போன் அறையில் எட்டு மணி நேரம் காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் தடம் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. புது ஆளைப் பார்த்து, “என் தம்பி உங்ககிட்டயும் இடது மந்தம்னு சொல்லிட்டானா?” என்று சிரித்தாள். அவர் பாயைப் பார்த்துக்கொண்டார். அக்கா தலைமுடியை முடிந்துகொண்டே அடுக்குக்குப் போனாள். பத்துக்கான இடத்தில் ‘வ’ மட்டும் இருந்தது.

“மாமியார் எங்கடா?” என்றாள்.

ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இடது கை காலியான இடத்தின் மேல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. பதினாலு வாரமாக யாருமே கேட்காத பரீட்சைக்கு வந்து நிற்கிற கை. டிரம்முக்குப் பின்னால் போய்த் துண்டை எடுத்தேன். டம்பெல்லைத் தூக்கிவந்து அவள் கையில் கொடுக்காமல் மெஷினின் மேல் வைத்தேன். என்ன விளையாட்டு என்கிற மாதிரி வந்து குனிந்தாள்.

பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதை இறக்கிவிட்டு, தானே போய் ‘வ’ எடுத்துவந்து வைத்தாள். பத்து புள்ளி பூஜ்யம். எடுத்தாள். மறுபடி ‘இ’. அந்த வெல்டிங் வளையத்தின் மேல் விரலை வைத்துச் சுற்றிவரத் தடவினாள். அத்தனை நாள் அவள் கைக்குள்ளேயே இருந்த வளையம்தான். அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்து நான் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“நீ வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே. நான்தான் ஒட்டவச்சேன். எடை போடல.”

“எட்டுல ரெண்டும் ஒண்ணாதானே இருக்குன்னு கேட்டேன்.”

“கேட்ட.”

“நீ என்ன சொன்ன?”

எட்டு பொய் சொல்லும் என்று சொன்னேன் என்றேன். பத்து, என்றாள். பத்துதான் உண்மை சொல்லும் என்றேன். சின்ன வயதில் பாடம் ஒப்பிக்கும்போது நான் விழுங்கின வரியை அவள் எடுத்துக் கொடுக்கிற மாதிரியே இருந்தது. என்னால் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். நாற்பது வயதுத் தடியன், பார்சல்காரர் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் அழவில்லை.

“பதினாலு வாரமா போன்ல கூப்பிடுறவங்ககிட்ட ‘படியா லிஃப்டா’ன்னு கேட்டுட்டு இருக்கேன்டா” என்றாள். “படின்னு சொன்னா இந்தக் கை தானா மடியில இருந்து எழுந்திருக்கும். நான்தான் அதப் புடிச்சு, உனக்கு வக்கில்ல உக்காருன்னு சொல்வேன்.”

சொல்லிவிட்டு இடது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலடியில் காய்ப்பு, வலதைவிட இதில் கெட்டியாக இருந்தது. நான்தான் கூடுதல் செட் கொடுத்தேனே. நான் ஏதேதோ பேசினேன். ஆபீசுக்கு நானே வந்து சொல்கிறேன், டாக்டரிடம் வருகிறேன், எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கையெழுத்து என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் எழுந்து கதவுக்குப் பின்னால் போனாள். அங்கே அவள் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய ஸ்ட்ரெச்சர் ஒன்று சாத்தியிருந்தது, பயிற்சிக்காக முன்பு கொண்டுவந்தது. அவள் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. தூசியைத் தட்டித் தரையில் விரித்தாள். என்னைப் பார்த்து, படு என்றாள். ஏன் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. படுத்தேன். டிரம்மிலிருந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து என் நெஞ்சின் நடுவில் வைத்தாள். பனியன் வழியாகச் சில்லென்று இருந்தது.

“சார், நீங்க கால்பக்கம் புடிக்கிறீங்களா?” என்று பார்சல்காரரைக் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உடனே வந்தார். முட்டியை மடக்கச் சொன்னாள், முதுகை வளைக்காதீர்கள் என்றாள், மூன்று எண்ணுகிறேன் என்றாள். பல மாதமாக நான் கேட்காத குரல் அது. தலைப்பக்கம் வந்து நின்றாள். கீழேயிருந்து பார்க்க அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு கையும் என் காதுகளுக்குப் பக்கத்தில் இறங்கிப் பிடியைச் சுற்றி மூடின.

“இடது தாழ்ந்தா இடது பக்கம் சிந்தும். இடது ஏறிப்போயிருந்தா வலது பக்கம் சிந்தும்” என்றாள். “நீ என்னை எப்படி ஆக்கி வச்சிருக்கன்னு எனக்குத் தெரியணும். எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லு. இந்தத் தடவையாவது பாத்துச் சொல்லு.”

மூன்று என்றாள். தரை முதுகைவிட்டு விலகியது. மெல்ல, ஒரே சீராக, அவள் இடுப்பளவுக்கு வந்து நின்றேன். கழுத்தை வளைத்து டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பில் குமிழாகத் திரண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. வலது ஓரத்தில் ஒரு துளி கண்ணாடியைத் தாண்டலாமா என்று நின்றது. அது சாய்வினாலா, என் நெஞ்சு அடிக்கிற அடியினாலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லு, என்றாள் மேலேயிருந்து. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல், அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.